அந்தக் கேமராவின் கலர்

எங்கள் கடைவரிசையில் மாடிப்படி ஏறினால் ஒரே ஒரு கதவு. அதன்மேல் ஸ்டுடியோவின் பெயர் அழகாக எழுதியிருக்கிறது. ஆனால் அந்தப் பெயரைச் சொல்லி யாரும் வழி கேட்டதில்லை. "தாடையக்கா கடை எங்கே?" என்றுதான் கேட்பார்கள். நாற்காலியில் உட்கார்ந்திருப்பது யாராக இருந்தாலும், இன்னும் கழுத்தே நிற்காத கைக்குழந்தையாக இருந்தாலும், "தாடையைக் கொஞ்சம் இறக்குங்க" என்று சொல்லிவிட்டுத்தான் அவள் கேமராவைத் தூக்குவாள். அப்படி ஒட்டிக்கொண்ட பெயர். முதலில் முகத்தைச் சுளித்தாள். இப்போது தெருவில் யாராவது தாடை என்று சொன்னாலே திரும்பிப் பார்க்கிறாள்.

நான் கீழே படங்களுக்குச் சட்டம் போடுகிறவள். அவள் எடுப்பாள், நான் அடைப்பேன். மாடிப்படி என் கடைச் சுவரை ஒட்டியே போகிறது. யார் ஏறுகிறார்கள், இறங்கும்போது என்ன முணுமுணுத்துக்கொண்டு போகிறார்கள் என்பதெல்லாம் ரம்பத்தை நிறுத்தாமலே எனக்குத் தெரிந்துவிடும். இந்தக் கதையில் பாதியை அப்படிக் கேட்டேன். மீதியை அவளே என் மேசையில் சாய்ந்து நின்று சொன்னாள்.

ஸ்டுடியோ வைப்பதற்கு முன்னால் அவள் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்துக்கொண்டிருந்தாள். "உள்ளே இருக்கிறதையே பாத்துப் பாத்து அலுத்துப்போச்சு. மனுஷனுக்கு வெளிய என்னதான் இருக்குன்னு பாக்கலாம்னு வந்துட்டேன்" என்பாள். கணவரைப் பிடித்ததும் அந்த எக்ஸ்ரே அறையில்தான். மணிக்கட்டு உடைந்து ஒருவர் வந்தார். படம் எடுத்துக் கட்டுப்போட்டு அனுப்பினார்கள். மறுநாள் அதே ஆள் கையை வீசிக்கொண்டு படத்தை வாங்க வந்து நின்றார். "கட்டை யாரைக் கேட்டு அவிழ்த்தீங்க?" என்று அவள் பிடிபிடியென்று பிடித்துவிட்டாள். வந்த ஆள் வாயைத் திறக்கவில்லை. திட்டு முழுவதையும் வாங்கிக்கொண்டு, "உடைஞ்சது என் தம்பி கைங்க" என்றார். இரட்டையர். மன்னிப்புக் கேட்கப் போன இடத்தில் தம்பியோடு பேச்சு வளர்ந்து, அது கல்யாணத்தில் வந்து முடிந்தது.

அண்ணன் சில நிமிடம் முன்னால் பிறந்தவர். அதனால் குடும்பத்தில் அவர் பெரியவர், இவர் சின்னவர். பெரியவர் வெளிநாட்டில் குளிரூட்டிய அலுவலகம் ஒன்றில் கணக்குப் பார்க்கிறார். சின்னவர் சாலைகளில் வெள்ளைக்கோடு போடுகிற குழுவில் இருக்கிறார். இரண்டு பேருக்கும் சிவப்பும் பச்சையும் பிடிபடாது. பிறவியிலேயே அப்படி. "வெள்ளைக்கோடு போட எதுக்குங்க கலர்?" என்று சின்னவர் சிரிப்பார். அவருடைய சட்டைகளை எல்லாம் மனைவிதான் எடுத்துக் கொடுக்கிறாள்.

விஷயம் ஆரம்பித்தது நாத்தனாரிடம். அவர் இந்த இரட்டையருக்கு அக்கா. தையல் வகுப்பு நடத்துகிறவர். பேசும்போதே எதிரில் இருப்பவரின் தோள் அளவைக் கண்ணால் எடுத்துவிடுகிற ரகம். புது வீடு கட்டி முடித்திருந்தார். சாப்பாட்டு மேசைக்கு எதிர்ச்சுவரில் தம்பிகள் இரண்டு பேருடைய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்ட வேண்டும் என்பது அவர் ஆசை. வளர்ந்தபிறகு இருவரும் சேர்ந்து எடுத்துக்கொண்ட உருப்படியான படம் ஒன்றுகூடக் கிடையாது. பெரியவர் அங்கேயே ஒரு ஸ்டுடியோவுக்குப் போய்ப் படம் எடுத்து அனுப்பிவைத்தார். அதைப் பெரிதாக அச்சிட்டு எடுத்துக்கொண்டு நாத்தனார் முதலில் என் கடைக்குத்தான் வந்தார்.

நான் எத்தனையோ முகங்களைச் சட்டத்துக்குள் அடைத்திருக்கிறேன். அந்தப் படத்தைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டுதான் தொட்டேன். எந்த நிறமும் கத்தவில்லை. பின்சுவரின் நிழலில் லேசாக ஒரு பச்சை கலந்திருந்தது. முகத்தில் வெளிச்சம் விழுந்த இடம் பாலாடை மாதிரி இருந்தது. சட்டை, காய்ந்த இலையின் நிறம். மொத்தத்தில் ஃபிலிம் போட்டு எடுத்த பழைய படத்தின் சாயல். ஆனால் மீசையில் ஒவ்வொரு முடியும் துல்லியம்.

நாத்தனார் படத்தோடு மேலே ஏறினார். நான் ரம்பத்தை நிறுத்தினேன்.

"இந்தா பாரும்மா. இதே மாதிரி இவனையும் எடுத்துக் குடு. ரெண்டு பேரையும் ஒரே நாள்ல, ஒரே ரூம்ல உக்கார வச்சு எடுத்தாப்ல இருக்கணும்."

"எடுத்துடலாம் அண்ணி. அதுக்கென்ன?"

"அது வேற ஏதோ கேமராவாமே? அந்தக் கேமராவுல இந்த ஃபிலிம் கலர் தானா வருமாம். உன்னோடதுல வருமா?"

மேலே நாற்காலி ஒன்று நகர்கிற சத்தம் கேட்டது.

"வரவச்சுடலாம் அண்ணி" என்றாள் தாடையக்கா. குரல் கொஞ்சம் இறுகியிருந்தது.

அவளுடைய கேமரா வேறு கம்பெனி. வருடக்கணக்காக அதே கம்பெனிதான். லென்ஸ்களும் அதற்கென்றே சேர்த்தவை. அவள் கேமரா உள்ளதை உள்ளபடி காட்டும். சிவப்பு என்றால் சிவப்பு, பரு என்றால் பரு. அந்த இன்னொரு கம்பெனிக்காரர்களோ பழைய ஃபிலிம்களின் நிறத்தைக் கேமராவுக்குள்ளேயே வைத்துவிட்டார்கள். ஒரு பொத்தானைத் திருப்பினால் போதும். ஏற்கெனவே வாடிக்கையாளர்கள் சிலர் கைப்பேசியில் எதையாவது காட்டி, "இந்த மாதிரிக் கலர் வருமா?" என்று கேட்க ஆரம்பித்திருந்தார்கள். அவள் ஏதாவது சொல்லிச் சமாளித்துக்கொண்டிருந்தாள். வீட்டு ஆளே வந்து கேட்டதுதான் குத்திவிட்டது.

முதல் முயற்சி இணையத்தில் கிடைத்த ரெடிமேட் கலர். போட்டவுடன் எந்தப் படமும் ஃபிலிம் மாதிரி ஆகிவிடும் என்று எழுதியிருந்தார்களாம். சாயங்காலம் சின்னவர் வேலை முடிந்து வந்ததும் வராததுமாக அவரை நாற்காலியில் உட்காரவைத்து எடுத்து, அந்தக் கலரைப் போட்டாள். அச்சை எடுத்துக்கொண்டு கீழே என்னிடம் ஓடிவந்தாள்.

"உண்மையைச் சொல்லு. எப்படி இருக்கு?"

"பூசணிக்காய்க்கு மீசை வச்ச மாதிரி இருக்கு அக்கா."

அவள் கோபப்படவில்லை. விழுந்து விழுந்து சிரித்தாள். அடுத்த நாள் ஆரஞ்சைக் குறைத்துப் பார்த்தாள். சின்னவருக்கு மஞ்சள்காமாலை வந்துவிட்டது. மஞ்சளைக் குறைத்தாள், குளிரில் விறைத்தவர் போல நீலம் பாரித்துக் கிடந்தார். சின்னவர் மூன்றையும் வாங்கி மாறிமாறிப் பார்த்துவிட்டு, "மூணும் நல்லாத்தானே இருக்கு" என்றார். அவர் கண்ணுக்கு அவ்வளவுதான்.

வெறும் கண்மதிப்பில் போனால் கரைசேர முடியாது என்று அவளுக்குப் புரிந்தது. பெரியவரிடம் சொல்லி, அந்த ஸ்டுடியோக்காரரிடமிருந்து அசல் ஃபைலை வாங்கினாள். எந்தக் கேமரா, அதில் எந்த ஃபிலிம் கலரை வைத்து எடுத்தது என்ற விவரம் எல்லாம் அதற்குள்ளேயே இருந்தது. பிறகு, சின்னச் சின்னக் கட்டங்களில் விதவிதமான வண்ணம் அச்சிட்ட ஒரு அட்டையை வாங்கினாள். நிறம் சரியாக வருகிறதா என்று பார்க்கப் படம் எடுக்கிறவர்கள் வைத்திருக்கும் அட்டை அது. விடுமுறை நாளில் அட்டையையும் தன் கேமராவையும் புருஷனையும் எடுத்துக்கொண்டு கடைவீதியில் இருந்த பெரிய கேமராக் கடைக்குப் போனாள். என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். துணைக்கு என்றாள். சிரிக்காமல் கூட நிற்க ஒரு ஆள் வேண்டும் என்பதுதான் காரணம். அந்த விஷயத்தில் அவள் ஆளைத் தப்பாகத் தேர்ந்தெடுத்துவிட்டாள்.

கடையில் கழுத்துப்பட்டை கட்டிய விற்பனையாளர் ஓடிவந்தார். அவள் அந்தக் கேமராவின் பெயரைச் சொன்னதும் அவர் முகம் மலர்ந்தது.

"எடுத்துப் பாக்கலாமா?"

"தாராளமாப் பாருங்கம்மா. அதுக்குத்தானே வச்சிருக்கோம்."

சின்னவரைக் கண்ணாடிக் கதவுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலில் உட்காரவைத்தாள். அட்டையை நெஞ்சுக்கு நேராகப் பிடித்துக்கொள்ளச் சொன்னாள். போலீஸ் பிடித்துக் கையில் நம்பர் கொடுத்து நிறுத்திய ஆள் மாதிரியே இருந்தார் மனிதர். கடைக் கேமராவுக்குள் தன் மெமரி கார்டைப் போட்டு, பெரியவர் படத்தில் இருந்த அதே ஃபிலிம் கலரை வைத்து ஒரு படம். அதே இடத்தில் நின்று தன் கேமராவில் ஒரு படம். பிறகு இன்னும் கொஞ்சம் வெளிச்சம் விட்டு ஒன்று, குறைத்து ஒன்று. ஒவ்வொரு தடவையும் "தாடையைக் கொஞ்சம் இறக்குங்க." இதைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மா, இலவசமாகப் படம் எடுத்துக் கொடுக்கிறார்கள் போல என்று நினைத்து, தன் மகளுக்குத் தலைவாரிவிட்டுக் கூட்டிவந்து சின்னவருக்குப் பின்னால் நிறுத்திவிட்டாள். அவளுக்குப் பின்னால் இன்னும் இருவர் வந்து நின்றார்கள்.

"வரிசை வருது" என்றார் சின்னவர், உதடு அசையாமல்.

"நீங்க அசையாதீங்க!"

வரிசையில் நின்ற எல்லோரையும் எடுத்துவிட்டுத்தான் அவள் ஓய்ந்தாள். அத்தனை தோல் நிறங்கள் சும்மா கிடைக்கும்போது விடுவாளா? விற்பனையாளர் புதுப்பெட்டி ஒன்றோடு வந்தார். "பேக் பண்ணிடலாமாம்மா?"

"கேமரா அருமையா இருக்கு தம்பி. ஆனா எனக்கு என் கேமராவே பழகிப்போச்சு" என்றாள். அவர் முகம் விழுந்ததைப் பார்த்ததும் மனசு கேட்காமல், தேவையே இல்லாத ஒரு தோள்பட்டை வாரை வாங்கிக்கொண்டு வெளியே வந்தாள். அந்த வார் இப்போது என் கடையில் கண்ணாடிகளைக் கட்டித் தூக்க உதவுகிறது.

அதற்குப் பிறகுதான் உண்மையான வேலை. கம்ப்யூட்டரில் இடப்பக்கம் அவர்கள் கேமராப் படம், வலப்பக்கம் இவள் படம். அட்டையில் இருந்த கட்டங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனாள். இவள் சிவப்பு கூச்சல் போட்டது. அவர்கள் சிவப்பு செங்கல் பக்கம் ஒதுங்கி நின்றது. இவள் பச்சை அப்போதுதான் தண்ணீர் ஊற்றிய செடி. அவர்கள் பச்சையில் மஞ்சள் கலந்து வாடியிருந்தது. நீலத்தில் அவர்கள் துளி பச்சையைச் சேர்த்திருந்தார்கள். ஒவ்வொரு நிறத்தையும் தனித்தனியாகப் பிடித்து, கொஞ்சம் நகர்த்தி, கொஞ்சம் மங்கவைத்து, பக்கத்து நிறம் கெட்டுப்போனதைப் பார்த்துத் தலையில் கைவைத்து, மறுபடி நகர்த்தினாள். சாப்பிட வா என்றால் "இந்தப் பச்சையை முடிச்சுட்டு வரேன்" என்பாள். சின்னவர் ஒருநாள் என்னிடம், "எங்க வீட்டுல பச்சைன்னு ஒண்ணு இருக்குன்னே இப்பத்தான் எனக்குத் தெரியுது" என்றார்.

ஒருவழியாக இரண்டு அட்டைகளும் ஒன்றுபோலவே வந்துவிட்டன. நானே பார்த்தேன். எது எந்தக் கேமரா என்று என்னால் சொல்ல முடியவில்லை. கடையில் வரிசையில் நின்ற அந்த அம்மாவும் மகளும் இரண்டிலும் ஒன்றாகவே இருந்தார்கள். தாடையக்கா அந்த நிறத் திருத்தங்களை எல்லாம் ஒரே அமைப்பாகச் சேமித்துவைத்துக்கொண்டு, "இனிமே என்ன? ஒரே க்ளிக்!" என்றாள்.

பெரியவர் படத்தில் இருப்பது போலவே சட்டை வேண்டுமே? அந்தப் பொறுப்பை நாத்தனார் ஏற்றுக்கொண்டார். படத்தைக் கையில் வைத்துக்கொண்டு துணிக்கடை துணிக்கடையாக ஏறி இறங்கி, அதே காய்ந்த இலை நிறத்தில் துணி எடுத்து, தானே தைத்துக் கொண்டுவந்தார். தையல் பிரமாதம். சின்னவர் அதைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். எடுத்தாள். புது அமைப்பைப் போட்டாள். சட்டை சேற்றில் முக்கி எடுத்த மாதிரி வந்தது.

"என்னம்மா இது? நான் இவ்வளவு கஷ்டப்பட்டுத் தச்சது, இப்படி அழுக்குத் துணி மாதிரி இருக்கு?" என்றார் நாத்தனார். "பேசாம அந்தக் கேமராவையே வாங்கிடேன்."

அன்று தாடையக்கா இறங்கிவந்தபோது முகம் நன்றாக இல்லை. என் மேசையில் கிடந்த அளவுகோலை எடுத்து மேசையையே அளந்துகொண்டிருந்தாள்.

"அட்டை சரியா இருக்கு. எல்லாக் கட்டமும் சரியா இருக்கு. சட்டை மட்டும் எப்படி தப்பாப் போகும்? எனக்கு ஒண்ணும் தெரியலயோ?"

எனக்கு அவளுடைய தொழில் தெரியாது. "அந்தச் சட்டை உண்மையிலே அந்தக் கலர்தானா அக்கா?" என்று ஏதோ பேச்சுக்குத்தான் கேட்டேன்.

அவள் அளவுகோலைப் போட்டுவிட்டு என்னையே பார்த்தாள். அவர்கள் கேமரா பச்சையை வாடவைக்கிறது என்பதைக் கண்டுபிடித்தவளே அவள்தான். படத்தில் காய்ந்த இலையாகத் தெரிகிற சட்டை, கேமராவுக்கு முன்னால் காய்ந்த இலையாகவா இருந்திருக்கும்? அங்கேயே நின்று வெளிநாட்டுக்குப் போன் போட்டாள். நானும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் வைத்தாள்.

"அந்தப் படத்துல போட்டிருந்தீங்களே சட்டை, அது என்ன கலர்?"

"எந்தச் சட்டை? ஓ, அதுவா? மண் கலரும்மா. கண்ணை உறுத்தாத, அடக்கமான கலர்" என்றார் பெரியவர், முழு நம்பிக்கையோடு.

பின்னாலிருந்து ஒரு அலறல் கேட்டது. பெரியவரின் மனைவி, தாடையக்காவுக்கு ஓரகத்தி. போனைப் பிடுங்கிவிட்டார் போல.

"மண் கலரா? கிளிப்பச்சை! பளீர்னு கிளிப்பச்சை! நான் ஊர்ல இல்லாதப்போ கடைக்காரன் தலையில கட்டிட்டான். போட்டுட்டு வெளிய போகாதீங்கன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன். இவர் அதைப் போட்டுக்கிட்டுப் போய்ப் போட்டோ எடுத்திருக்காரு. படத்துல ஏதோ தப்பிச்சுக்கிச்சு."

"என்ன எல்லாரும் அந்தப் படத்தோட கலரு கலருன்னு சொல்றீங்க?" என்று பெரியவரின் குரல் தூரத்தில் கேட்டது. "அந்த ஸ்டுடியோ ஆபீசுக்குக் கீழயே இருக்கு, அதான் போனேன். கலரப் பத்தி எனக்கு என்ன தெரியும்?"

நானும் தாடையக்காவும் மேசையின் இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு சிரித்தோம். கண்ணாடி வாங்க வந்தவர் பயந்துபோய் வாசலிலேயே நின்றுவிட்டார்.

கிளிப்பச்சைத் துணி வாங்கி, நாத்தனார் மறுபடி தைத்தார். "இதைப் போட்டா டிராஃபிக் சிக்னல்னு நினைச்சு வண்டியெல்லாம் போக ஆரம்பிச்சிடும்" என்று புலம்பிக்கொண்டே தைத்தார். சின்னவருக்கு அது முந்தைய சட்டையிலிருந்து என்ன வித்தியாசம் என்று விளங்கவில்லை. "போன வாரம் போட்ட சட்டைதானே இது?" என்றார். எடுத்தாள். அமைப்பைப் போட்டாள். கிளிப்பச்சை அப்படியே வாடி, காய்ந்த இலையாக வந்து படத்தில் உட்கார்ந்தது. கை தட்டிக்கொண்டு குதித்தாள். மாடி அதிர்ந்து என் கடையில் ஒரு சட்டம் ஆணியிலிருந்து நழுவியது.

ஆனாலும் இரண்டு படங்களையும் பக்கத்தில் வைத்தால் ஏதோ உதைத்தது. சட்டை ஒன்று. சுவர் ஒன்று. முகம் மட்டும் ஒட்டவில்லை. நிறத்தை எந்தப் பக்கம் திருகினாலும் சரியாகவில்லை. சின்னவர் எழுந்து வந்து, மனைவியின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

"கலரு எனக்குத் தெரியாது. சொல்லட்டுமா வேணாமா?"

"சொல்லுங்க."

"அவன் மூக்குக்குப் பக்கத்துல நிழல் எங்க ஆரம்பிக்குது, எங்க முடியுதுன்னே தெரியல. என் மூக்கு நிழல் நான் ரோட்டுல போடற கோடு மாதிரி நறுக்குன்னு நிக்குது."

அவள் நிறத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் கண்ணில் நிறம் குழப்பவில்லை. வெளிச்சமும் இருட்டும் மட்டும்தான் பட்டன. பெரியவரை ஒரு பெரிய ஜன்னலுக்குப் பக்கத்தில் மேகமூட்டமான நாளில் எடுத்திருக்கிறார்கள். இவளோ ஸ்டுடியோ விளக்கைப் போட்டு எடுத்திருந்தாள். போதாக்குறைக்கு அந்தக் கேமராவின் ஃபிலிம் கலர் வெளிச்சத்தை வெடுக்கென்று வெட்டாமல் மெல்ல மெல்ல இறக்குகிறது. நிறத்தை மட்டும் இரவல் வாங்கினாள், வெளிச்சத்தை விட்டுவிட்டாள்.

வீட்டுக்குப் போய்ப் பெரிய வெள்ளைப் படுக்கைவிரிப்பைக் கொண்டுவந்து ஸ்டுடியோ ஜன்னலில் கட்டினாள். வெயில் அதில் பட்டு வடிந்து அறை முழுவதும் ஒரே சீராகப் பரவியது. விளக்குகளை அணைத்துவிட்டு, ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டு எடுத்தாள். பிறகு கம்ப்யூட்டரில் வெளிச்சத்தின் உச்சியைக் கொஞ்சம் தணித்து, நிழலின் அடியைக் கொஞ்சம் தூக்கினாள். சின்னவரின் மூக்கு நிழல் கரைந்தது. இரண்டு படமும் ஒரே அறை, ஒரே நாள்.

நாத்தனார் வந்து பார்த்தார். தலையை ஆட்டிப் பாராட்டினார். அது அவருக்கு அடிக்கடி நடப்பதில்லை. பிறகு இன்னும் கிட்டப்போய்ப் பார்த்துவிட்டு, "எல்லாம் சரி. ஆனா இவன் கன்னம் கறுத்திருக்கு. நெத்தியில வேற ஒரு கோடு. அதையும் அவனுக்கு இருக்கிற மாதிரியே ஆக்கிட்டா தேவலை" என்றார்.

சின்னவர் வெயிலில் தொப்பி போட்டு வேலை செய்கிறவர். தொப்பிக்குக் கீழே முகம் வெந்திருக்கும். மேலே நெற்றி அப்படியே பிறந்த நிறம். நடுவில் அளந்து போட்டது போல் ஒரு கோடு. தாடையக்காவுக்கு அது ஒரு வேலையே இல்லை. கைபழகியிருந்தது. கன்னத்தை வெளுத்து, கோட்டை அழித்து, அன்றைக்கே காட்டினாள். நாத்தனார் பூரித்துப்போனார். "இப்பதான் ரெட்டை!"

சின்னவர் படத்தைப் பார்த்துவிட்டுக் கைகழுவப் போனார். திரும்பி வந்து மறுபடி பார்த்தார்.

"இது அவன்" என்றார்.

"நீங்கதாங்க. நல்லாப் பாருங்க."

"என் நெத்திக்கோடு எங்க?"

"அண்ணிதான் எடுக்கச் சொன்னாங்க. ரெண்டு படமும் ஒத்துப்போகணும்னு."

"சட்டை ஒத்துப்போகட்டும், சுவர் ஒத்துப்போகட்டும், மூஞ்சி எதுக்கு ஒத்துப்போகணும்? சின்ன வயசுல இருந்து எல்லாரும் என்னைப் பாத்து அவன் பேரைத்தான் கூப்பிடறாங்க. இந்த வேலைக்குப் போனதுக்கப்புறம்தான் ஒருத்தரும் மாத்திக் கூப்பிடறதில்ல." சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் தொப்பியைக் கழற்றி நெற்றியைத் தடவிக்கொண்டார்.

தாடையக்கா இதை என்னிடம் சொன்னபோது, "நான் அவங்க கேமராவோட கலரைத்தானே எடுக்கப் போனேன்? போற வேகத்துல இவரையும் துடைச்சு எடுத்துட்டேன் பாரு" என்றாள். உடனே போய்க் கன்னத்தையும் கோட்டையும் திரும்பக் கொண்டுவந்தாள். கொண்டுவந்ததோடு நிற்கவில்லை, தன் அமைப்பில் தோல்நிறம் எல்லாவற்றையும் ஒரே பக்கமாக இழுத்துக்கொண்டிருந்த ஒரு திருகலையும் கண்டுபிடித்துத் தளர்த்தினாள். மற்ற நிறங்கள் அவர்கள் கேமரா போலவே இருக்க, முகங்கள் மட்டும் அவரவர் முகமாகவே நின்றன.

நாத்தனாரிடம் சொல்ல வேண்டுமே! சின்னவரே பேசினார்.

"அக்கா, கோடு இருக்கட்டும்."

"போடா. மேசைக்கு எதுக்க மாட்டப் போறேன். வர்றவங்க எல்லாம் என்னடா இவன் நெத்தியில ரெண்டு கலர்னு கேப்பாங்க."

"கேட்டா சொல்லு. என் தம்பி ரோட்டுக்கெல்லாம் கோடு போடறவன், கடைசியில தனக்கும் ஒண்ணு போட்டுக்கிட்டான்னு."

நாத்தனார் முறைத்தார். பிறகு தம்பியின் நெற்றியையும் படத்தின் நெற்றியையும் மாறிமாறிப் பார்த்து, தையல்காரர் பார்வையிலேயே அளந்து, "கோடு நேராத்தான் இருக்கு" என்றார். அத்தோடு விட்டுவிட்டார்.

இரண்டுக்கும் ஒரே மரத்தில் நான் சட்டம் போட்டேன். மாட்டுகிற அன்று நானும் போயிருந்தேன். நாத்தனார் நீர்மட்டக் கருவி வைத்துச் சரிபார்த்து ஆணி அடித்தார். பெரியவரை வீடியோவில் கூப்பிட்டு, கைப்பேசியைச் சுவருக்கு நேராகப் பிடித்தார்கள்.

"அட! ஒரே ரூம்ல இருக்கோம்டா" என்றார் பெரியவர். பிறகு கிட்ட வந்து கண்ணைச் சுருக்கினார். "நெத்தியில ரோடு போட்டு வச்சிருக்கியே."

"உனக்கு இல்லையேன்னு பொறாமை" என்றார் சின்னவர்.

அங்கே அவரும் இங்கே இவரும் ஒரே மாதிரி காதைச் சொறிந்துகொண்டு படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாத்தனார் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தூசி என்றார். புதுவீட்டில் தூசி அவ்வளவாக இல்லை. "அந்தச் சட்டையை என்ன பண்ணினீங்க?" என்று பெரியவரின் மனைவி பின்னாலிருந்து கேட்டார். சின்னவர் எழுந்து நின்று காட்டினார், அதைத்தான் போட்டிருந்தார். அங்கிருந்து மறுபடி ஒரு அலறல்.

அதற்குப் பிறகு அந்த வீட்டுக்கு வந்துபோனவர்கள் வழியாகச் செய்தி பரவியது. "உங்க நாத்தனார் வீட்டுச் சுவர்ல இருக்கே, அந்தக் கலர்ல எடுத்துக் குடுங்க" என்று ஆட்கள் மாடியேற ஆரம்பித்தார்கள். ஒவ்வொருவரையும் தாடையக்கா இரண்டு விதமாகவும் எடுத்துக் காட்டுகிறாள். தன் கேமராவின் சொந்தக் கலரில் ஒன்று, இரவல் கலரில் ஒன்று. பாதிப்பேர் அதையும் பாதிப்பேர் இதையும் எடுத்துக்கொண்டு போகிறார்கள். ஒரு பல் டாக்டர் மட்டும் பல் எதில் வெள்ளையாகத் தெரிகிறது என்று ஜன்னலருகே வெகுநேரம் நின்று பார்த்துவிட்டு, இரண்டையுமே வாங்கிக்கொண்டு போனார். படுக்கைவிரிப்பு ஜன்னலிலேயே தங்கிவிட்டது. சின்னவர் வீட்டுக்கு வேறு வாங்கிப்போட்டார். அது என்ன நிறம் என்று அவருக்குத் தெரியாது. எங்களுக்குத் தெரியும், சொல்லவில்லை.

போன வாரம் சின்னவரின் குழு மொத்தமும் வேலை முடிந்து நேராக இங்கே வந்திருந்தது. கொளுத்துகிற ஆரஞ்சு நிற மேலங்கி, ஆளுக்கொரு தொப்பி, பூட்ஸில் வெள்ளைப் பெயிண்ட். மாடியில் இடம் போதாமல் எங்கள் வரிசைக்குப் பின்னால் இருக்கும் முற்றத்தில் நிற்கவைத்து எடுத்தாள். அங்கே நிழல் நன்றாக விழும். முகங்கள் எல்லாம் அபாரமாக வந்தன. ஆரஞ்சு மட்டும் செங்கல் நிறமாக மங்கிப்போயிருந்தது.

குழுவின் மேற்பார்வையாளர் படத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, "அழகாத்தான் இருக்கும்மா" என்றார், தயங்கித் தயங்கி. "ஆனா இந்த மேலங்கி தூரத்துல வர்ற லாரிக்காரனுக்கும் தெரியணும்னுதான் குடுத்திருக்காங்க. இதைப் பாத்தா எங்க எல்லாரையும் அவன் ஏத்திட்டுப் போயிடுவான் போல இருக்கே?"

முற்றமே சிரித்தது. தாடையக்காவும் சிரித்தாள். படத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு, "ஆரஞ்சைத் தனியா ஒரு கை பாக்கிறேன். நாளன்னிக்கு வாங்க" என்று சொல்லிவிட்டுப் படியேறினாள். பின்னாலேயே சின்னவர் கத்தினார்: "சாப்பிட்டுட்டுப் போ!"

"இந்த ஆரஞ்சை முடிச்சுட்டு வரேன்" என்று மேலேயிருந்து பதில் வந்தது.